பழைய கார் இன்ஜினில் முந்தைய கைகள் விட்டுப்போன கோளாறுகள்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

குடியாத்தத்தில் ஓட்டுக் கொட்டகை ஒன்றில் 9 வருடம் நின்றிருந்த பிரீமியர் பத்மினி காரை வாங்கியபோது, விற்ற பெரியவர் ஒன்றைத்தான் சொன்னார்: "வண்டி ஓடும் தம்பி, ஆனா ரொம்ப தூரம் போகாது." வயசான வண்டி என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். காட்பாடிக்கு ஓட்டி வரும் வழியில் 12 கிலோமீட்டரில் இழுவை குறைந்து நின்றது. கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. அடுத்த 12 கிலோமீட்டரில் மறுபடியும் அதே கதை.

பெட்ரோல் பம்ப் மாற்றினோம், கார்பரேட்டருக்குப் புது கிட் போட்டோம், ஸ்பார்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் மாற்றினோம். எதுவும் உதவவில்லை. ஒருநாள் வண்டி நின்ற இடத்திலேயே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தது. பழைய மூடி தொலைந்துபோய், யாரோ பூட்டு வைத்த வேறு மூடி போட்டிருக்கிறார்கள். அதில் காற்றுத் துளை கிடையாது. டேங்கின் காற்றுக் குழாயிலோ குளவி மண் கட்டியிருந்தது. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்றழுத்தம் குறைந்து, பம்ப் இழுக்க முடியாமல் திணறியிருக்கிறது. பம்ப், காயில் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே நன்றாகத்தான் இருந்தன.

அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜினும் பத்மினியின் 1089 சிசி இன்ஜினும் எளிமையானவை. வயதானால் புகை விடும், சத்தம் போடும், ஆயில் குடிக்கும். அதெல்லாம் இயல்பான தேய்மானம், புத்தகத்திலேயே இருக்கும். ஆனால் எந்தப் புத்தகத்திலும் இல்லாத விசித்திரமான கோளாறு வந்தால், அநேகமாக அது தேய்மானம் அல்ல; எப்போதோ ஒருவர் அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு. அதனால் எந்த பாகம் கெட்டிருக்கிறது என்று தேடுவதற்கு முன்னால், எது கம்பெனி செய்தது இல்லை என்று தேட வேண்டும்.

முதல் அரை நாள்: ஸ்பேனரைத் தொடாமல் பாருங்கள்

பானெட்டைத் திறந்து, டார்ச்சும் நோட்டும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நிறம் மாறும் ஒயர், இன்சுலேஷன் டேப் சுற்றிய இடம், எங்கும் போகாமல் வெட்டி விட்ட ஒயர் முனை, காரணமில்லாத டி வடிவ இணைப்பு, எம்-சீல் பூசிய இடம், சைக்கிள் டியூப் சுற்றிய ஹோஸ், பழைய பாகங்களுக்கு நடுவே பளிச்சென்று ஒரு புதுப் பாகம். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், போனில் படம் எடுங்கள். ஆயில் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். ஆர்சி புக்கில் எரிபொருள் எது என்று எழுதியிருக்கிறதென்றும் பாருங்கள்.

வண்டி எப்படி வாழ்ந்தது என்று விசாரிப்பது அதைவிட முக்கியம். எங்கள் வேலூர்ப் பக்கத்தில் கிடைக்கும் பழைய வண்டிகளில் நான் பார்த்தவரை மூன்று விதமான வாழ்க்கை உண்டு. காட்பாடி ஜங்ஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றி ஓடிய அம்பாசிடர் டாக்சிகள் ஒரு விதம். அவற்றில் பெட்ரோலுக்குப் பதில் கேஸில் ஓட்டும் கேஸ் கிட் போட்டுக் கழற்றிய தழும்பு இருக்கும், இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரைத் தடுக்கும் தெர்மோஸ்டாட் இருக்காது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்களில் ஓடியவை இரண்டாவது. டிரைவர் நன்றாகவே பார்த்திருப்பார், ஆனால் செலவுக்கு முதலாளியிடம் கை நீட்ட வேண்டியிருந்ததால் கிடைத்ததைப் போட்டு ஓட்டியிருப்பார். மூன்றாவது வீட்டு வண்டி. டாக்டர், வக்கீல் வீட்டில் செல்லமாக இருந்து, அவர் காலத்துக்குப் பிறகு ஷெட்டில் நின்றது. அதில் கை வைத்தவர்கள் குறைவு. எலி, குளவி, காய்ந்த ரப்பர் ஆகியவைதான் பிரச்சினை.

சரி, இனி அறிகுறிகள். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, எழுதி வையுங்கள். கழற்றிய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

சூடானதும் நிற்கிறது, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது

அதிகமாக வரும் புகார் இதுதான். பணம் அதிகம் வீணாவதும் இதில்தான். நின்ற அந்த நிமிடத்திலேயே பார்த்தால்தான் உண்மை தெரியும்; ஆறிய பிறகு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அதனால் வண்டியில் ஒரு ஸ்பேர் பிளக், ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு மல்டிமீட்டர் எப்போதும் இருக்கட்டும்.

முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ் சத்தம் வந்து, வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆனால் விஷயம் அங்கேயே முடிந்தது.

இல்லையென்றால் ஸ்பார்க். ஸ்பேர் பிளக்கை ஒரு பிளக் ஒயரில் மாட்டி, கார்பரேட்டருக்கும் பெட்ரோல் லைனுக்கும் தள்ளி, பிளக்கின் இரும்பு உடம்பு இன்ஜின் பிளாக்கில் படுமாறு வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பளீரென்று நீலமாக வந்தால் ஸ்பார்க் நல்லது. மங்கலாக மஞ்சளாக வந்தாலோ, வராவிட்டாலோ காயிலைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடா? இங்கேதான் முந்தைய கை வேலை செய்திருக்கும். காயிலில் இரண்டு வகை உண்டு. நேராக 12 வோல்ட்டில் வேலை செய்வது ஒன்று. அதன் பிரைமரி சுமார் 3 ஓம் காட்டும். மின்னோட்டத்தைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் வழியாக வேலை செய்வது இன்னொன்று. அது சுமார் 1.5 ஓம் காட்டும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பேலஸ்ட் வகையை ரெசிஸ்டர் இல்லாமல் நேராக மாட்டினால் மின்னோட்டம் இரு மடங்காகும், காயில் கொதிக்கும், காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் பாயின்ட் கருகும். நல்ல காயிலையே மறுபடி மறுபடி வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒயர்களைக் கழற்றி, ஆறிய நிலையில் காயிலின் இரண்டு சின்ன முனைகளுக்கு இடையே மீட்டரை வையுங்கள். 1.5 காட்டினால் பேலஸ்ட் எங்கே என்று தேடுங்கள். ஒரு அம்பாசிடரில் அந்த வெள்ளைப் பீங்கான் ரெசிஸ்டர் பயர்வாலில் அப்படியே திருகி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒயர் இல்லை.

பாயின்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரும் சூட்டில் கைவிடும். பாயின்ட் திறக்கும்போது அங்கே பெரிய நீலப் பொறி தெரிந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். புதிதாகப் போட்டதுதானே என்று விட்டுவிடாதீர்கள். இப்போது வரும் புதுக் கண்டென்சர்களில் பல ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. பழைய வண்டியில் கழற்றிய, ஓடிக்கொண்டிருந்த கண்டென்சர் கிடைத்தால் நான் அதைத்தான் போடுவேன்.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் பெட்ரோல். பம்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். காயில் ஒயரை எடுத்துவிட்டு, சிகரெட், பீடி யாரும் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, செல்ஃப் அடியுங்கள். பீறிட்டுப் பீறிட்டு வர வேண்டும். கத்திரி வெயிலில் வராமல் நின்றால், நம் ஊர் டிரைவர்கள் செய்யும் ஈரத்துணி வைத்தியத்தைச் செய்யுங்கள்: பம்ப் மேல் நனைத்த துணி. இரண்டு மூன்று நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் பெட்ரோல் லைனிலேயே ஆவியாகியிருக்கிறது. ஆனால் துணியோடு விட்டுவிடக் கூடாது. புதிதாக இருந்தபோதும் இந்த வண்டி மே மாத வேலூரில் ஓடியதுதானே? அப்போது ஏன் நிற்கவில்லை? அம்பாசிடரில் கார்பரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் இருந்த தகரத் தடுப்பும், கார்பரேட்டருக்கு அடியில் இருந்த தடித்த இன்சுலேட்டர் கட்டையும் எப்போதோ கழற்றியபோது திரும்பப் போடப்படாமல் போயிருக்கும். செம்புக் குழாய் உடைந்து, அதற்குப் பதில் போட்ட ரப்பர் ஹோஸ் மேனிஃபோல்டை ஒட்டிப் போயிருக்கும். இவற்றைச் சரிசெய்தால் துணிக்கு வேலை இருக்காது.

இன்னும் இரண்டு இடம் பாக்கி. கேஸ் கிட் கழற்றிய வண்டியில், பெட்ரோலை நிறுத்தப் போட்ட சோலனாய்ட் வால்வை லைனிலேயே விட்டிருப்பார்கள். அதற்கு மின்சாரம் இருந்தால்தான் திறக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் அதன் கனெக்ஷன் லூசாக இருந்தால், பள்ளத்தில் ஏறி இறங்கும்போது வண்டி நிற்கும். அதை முழுதாக எடுத்துவிடுங்கள். இரண்டாவது ஹோஸ். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் அதில் ஊறி மென்மையாகி, உள்பக்கம் உரிந்து, பம்ப் இழுக்கும்போது உள்ளுக்குள் மடங்கி அடைக்கும். வெளியே தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஃபில்டரில் கறுப்புத் துகள் இருந்தால் எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள்.

புத்தகப்படி டைமிங் வைத்தால் வெடிக்கிறது, இருந்தபடி விட்டால் ஓடுகிறது

டைமிங் என்பது ஸ்பார்க் வரும் நேரம். எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது. பிளக் ஒயர் எல்லாம் தவறாக இருப்பதாக நினைத்து, புத்தகத்தைப் பார்த்து மாட்டினால் கார்பரேட்டர் வழியாக டமாரென்று பின்னடிக்கிறது. அப்படியானால் புத்தகம் தவறா? இல்லை. எப்போதோ இன்ஜின் இறக்கியபோது ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றும் பல்சக்கரத்தை வேறு பல்லில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பிறகு இன்ஜின் ஓடுவதற்காக ஒயர்களை ஒரு இடம் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். இரண்டு தவறும் சேர்ந்து ஓரளவு சரியாக ஓடியிருக்கிறது. ஒன்றை மட்டும் நீங்கள் திருத்தினீர்கள்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இன்ஜினையே கேளுங்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். முன்பக்கத்து 1-ஆம் சிலிண்டர் ஓட்டையில் விரல் வைத்து, இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரஷன். இன்ஜின் மேலிருக்கும் டேப்பட் கவரைத் திறந்து பாருங்கள்: 1-இன் இரண்டு வால்வும் மூடி, ராக்கர் லூசாக ஆட வேண்டும், அதே நேரம் 4-இல் ஒரு வால்வு மூடி மற்றது திறக்கத் தொடங்க வேண்டும். அதுதான் 1-ஆம் சிலிண்டரின் உண்மையான உச்சி. இதற்குப் பிறகுதான் புல்லியில் இருக்கும் குறியைப் பாருங்கள். குறி வேறு எங்கோ இருந்தால் புல்லி வேறு இன்ஜினிலிருந்து வந்தது. அதை நம்பாமல் வெள்ளை பெயின்டில் உங்கள் குறியைப் போடுங்கள்.

அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறங்கள். உள்ளே சுற்றும் ரோட்டர் எந்த முனையைப் பார்க்கிறதோ அதுதான் இந்த வண்டிக்கு 1. ரோட்டர் எந்தத் திசையில் சுற்றுகிறது என்று கண்ணால் பார்த்து, அதே திசையில் 1-3-4-2 என்று ஒயர்களை மாட்டுங்கள். அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் வரிசை இதுவே. பாயின்ட் இடைவெளியை முதலில் வைத்துவிட்டு, அம்பாசிடரில் 0.015 இன்ச், பிறகு டைமிங். பாயின்டைத் தொட்டால் டைமிங் நகரும். மாற்றிச் செய்தால் இரட்டை வேலை.

பல்சக்கரத்தைப் புத்தகப்படி திருப்பிப் போட வேண்டுமா? டிஸ்ட்ரிபியூட்டரைத் தேவையான அளவு திருப்ப முடிகிறது, இன்ஜின் உறிஞ்சலில் இயங்கும் வேக்கம் டப்பா பிளாக்கில் இடிக்கவில்லை என்றால் நான் விட்டுவிடுவேன். ஆனால் மூடியில் 1 எது என்று பெயின்டில் எழுதிவிடுவேன், அடுத்தவருக்காக.

ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் மிஸ்ஸிங்

கார்பரேட்டரைக் கழற்றாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் தட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கு ஒரு சின்ன, பின்னல் எர்த் ஒயர் போகும். வேக்கம் டப்பா அந்தத் தட்டை இழுக்கும்போது அது வளைந்து கொடுக்க வேண்டும். அது உள்ளே அறுந்து நூலில் தொங்கினாலோ, யாரோ அதற்குப் பதில் விறைப்பான செம்புக் கம்பி போட்டிருந்தாலோ, தட்டு நகரும் ஒவ்வொரு முறையும் எர்த் விட்டு விட்டுக் கிடைக்கும். ஒரு நிமிடச் சோதனை: வேக்கம் குழாயைக் கழற்றி, வாயை அடைத்துவிட்டு ஓட்டுங்கள். மிஸ்ஸிங் போனால் கோளாறு அங்கேதான். மெல்லிய, பல இழை ஒயரால் மாற்றுங்கள்.

சாவியை அணைத்தும் இன்ஜின் ஓடுகிறது

எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள். தட்தட்டென்று உதறி, நாக்கிங்கோடு சில நொடி ஓடி நின்றால், சிலிண்டருக்குள் கரி சூடாகிப் பற்றவைக்கிறது. மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிய டாக்சிகளில் இது சகஜம். ஹெட் இறக்கிக் கரி சுரண்ட வேண்டும். சூடான பிளக் வகை, ஸ்லோ ஸ்பீடு அதிகம் வைத்திருப்பது ஆகியவற்றையும் பாருங்கள்.

ஆனால் எதுவுமே நடக்காதது போல மெத்தென்று ஓடிக்கொண்டே இருந்தால் அது கரண்ட். பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டவர்கள், சார்ஜ் விளக்கின் ஒயரை விளக்கு இல்லாமல் நேராக இக்னிஷனோடு சேர்த்திருப்பார்கள். சாவி அணைந்தாலும் ஆல்டர்னேட்டர் அந்த வழியாகக் காயிலுக்கு மின்சாரம் திருப்பி அனுப்பும். அந்தச் சின்ன ஒயரைக் கழற்றியதும் இன்ஜின் அணைந்தால் உறுதி. இடையில் விளக்கையோ டயோடையோ போட்டால் சரியாகும்.

ஸ்லோவில் இன்ஜின் அணைகிறது, ஓட்டத்தில் பரவாயில்லை

எங்கோ காற்று இழுக்கிறது. கேஸ் மிக்சர் தட்டு கழற்றிய இடம், மூடாமல் விட்ட வேக்கம் முனை, தேய்ந்த திராட்டில் ஸ்பிண்டில் ஆகிய மூன்றையும் பாருங்கள். சந்தேகமான இடத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் இன்ஜின் சத்தம் மாறும். சூடான மேனிஃபோல்டில் பெட்ரோல் தெளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். எஸ்யூ கார்பரேட்டர் என்றால் அதற்குள் இருக்கும் பிஸ்டனை மயிரிழை தூக்கிப் பாருங்கள். இன்ஜின் வேகம் கூடி அப்படியே இருந்தால் பெட்ரோல் அதிகம், இன்ஜின் அணைந்தால் குறைவு, லேசாகக் கூடித் தானே அடங்கினால் சரி.

சூடு ஏறுகிறது

பாலாற்றங்கரை நெடுக போர் தண்ணீர் உப்பு. தோல் ஷாப் கழிவு கலந்த இடங்களில் கேட்கவே வேண்டாம். அதையே முப்பது நாற்பது வருடம் ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறார்கள். ரேடியேட்டரை மட்டும் சுத்தம் செய்துவிட்டு ஏமாறாதீர்கள். பிளாக்கின் பின்பக்கம், 4-ஆம் சிலிண்டரைச் சுற்றித்தான் சேறு உட்கார்ந்திருக்கும். பிளாக்கின் டிரெயின் டேப்பைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும். வராவிட்டால் கம்பி விட்டுக் குத்துங்கள். அதுவும் போதவில்லை என்றால் பிளாக்கின் ஓட்டையை மூடியிருக்கும் வெல்ச் பிளக்கைக் கழற்றி, சேற்றை நேராகத் தோண்டி எடுங்கள். நான் ஒரு டாக்சி பிளாக்கிலிருந்து ஒரு டீ கிளாஸ் நிறையச் செங்கல் நிறச் சேறு எடுத்தேன். அதற்கப்புறம் டிஸ்டில்ட் வாட்டரும் கூலண்டும் மட்டுமே.

சேறு இல்லையென்றால் மூன்று விஷயம். ஃபேன் இறக்கை திருப்பி மாட்டியிருக்கிறதா? சுற்றும், ஆனால் காற்றைச் சரியாக இழுக்காது. ரேடியேட்டர் மூடி வேறு வண்டியுடையதா? ஹெட் கேஸ்கெட் முன்பின் மாறியிருக்கிறதா? அம்பாசிடர் கேஸ்கெட்டில் மேல், முன் என்று குறி இருக்கும். திருப்பிப் போட்டால் தண்ணீர் ஓட்டை சில அடைபடும், வண்டி ஓடும், ஆனால் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் கொதிக்கும். தெர்மோஸ்டாட் எடுத்த வண்டியில் அதைத் திரும்பப் போடுங்கள். அது இல்லாவிட்டால் குளிர்காலக் காலையில் இன்ஜின் சூடாகவே நேரமாகும், அதுவரை பெட்ரோல் வீண், சிலிண்டர் தேய்மானம்.

ஆயில் அளவு தானாகக் கூடுகிறது

வண்டியை ஓட்டாதீர்கள். ஆயில் ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை வந்தால் பம்ப் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல், இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் இறங்குகிறது. பால் காப்பி நிறம் என்றால் தண்ணீர். இரண்டிலும் முதலில் ஆயிலை வடித்துவிடுங்கள்.

வேகம் 50-க்கு மேல் ஏறாது

உதவிக்கு ஒருவரை உட்கார வைத்து ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லி, கார்பரேட்டர் தட்டு முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். தடித்த ஃபுளோர் மேட் தடுப்பதைக்கூடப் பார்த்திருக்கிறேன். திறந்தால் சைலன்சர். உள்ளே தகரம் உடைந்து அடைத்திருக்கும். வீட்டு வண்டியில் குளவிக் கூடு, எலி சேர்த்த பஞ்சு. புகைக் குழாய் வாயில் கை வைத்தால் அழுத்தம் தெரிய வேண்டும்.

ஹெட்லைட் போட்டால் இன்ஜின் தடுமாறுகிறது, செல்ஃப் அடித்தால் சோக் கேபிள் சுடுகிறது

இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை இல்லை. இன்ஜின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருப்பதால், பட்டை இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாரின் முழு மின்னோட்டமும் சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத்தான் திரும்ப முடியும். கேபிள் சிவந்து தீப்பிடித்ததும் உண்டு, அதனால் இதைத் தள்ளிப் போடாதீர்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் மறு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை. கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு நல்ல கனமான பட்டை ஒன்று, இரண்டு முனையிலும் பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு முடுக்குங்கள்.

என் பத்மினியிலும் அது இல்லை. பின் சீட்டைத் தூக்கியபோது, தினத்தாளில் சுற்றி, இரண்டு போல்ட்டும் வாஷரும் சேர்த்துக் கட்டி, அங்கேயே கிடந்தது.